உறைத் தட்டு

பெல்ட்டில் வந்த நட்சத்திரங்களில் ஒன்று சூடாக இருந்தது.

கை பட்டதும் அவள் விரலை இழுத்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் எதுவும் சூடாக இருக்க வழியில்லை. அரைத்த கறி கெட்டுவிடக் கூடாது என்று எலும்பு விறைக்கும் அளவுக்குக் குளிர வைத்திருப்பார்கள். ஜன்னல் கிடையாது, பகலா இரவா என்று சொல்லாத வெள்ளை விளக்கு, தரையில் எந்நேரமும் ஈரம், அந்த ஈரத்தில் பிளீச்சிங் நெடி, நெடிக்கு அடியில் எவ்வளவு கழுவினாலும் போகாத பச்சைக் கறி வாடை. காதடைப்பான் மாட்டாமல் நிற்க முடியாத இரைச்சல், காது வழியாகக் கேட்காமல் கால் வழியாக உடம்பில் ஏறும். அங்கே சூடு என்று ஒன்று இருந்தால் அது வேலை செய்கிறவர்களின் உடம்பில் மட்டும்தான் இருக்கும்.

அரைத்த கறியைத் தொட்டியில் போட்டுப் பிசைந்து, குழாய் வழியாகத் தள்ளி, அச்சில் அமுக்கி, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தட்டி பெல்ட்டில் விழ வைப்பார்கள். முனை உடைந்ததையும் கோணலாக வந்ததையும் பொறுக்கிப் பக்கத்துத் தட்டில் போடுவது அவள் வேலை. "எங்கக்காதான் இந்தக் கம்பெனியிலயே பெரிய பொறுக்கி" என்று தம்பி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, வாய் அப்படி.

சூடான துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். நான்கு முனைகள் ஒழுங்காக இருந்தன. ஐந்தாவது முனை கொஞ்சம் நீண்டு, நடுவில் ஒரு கணு விட்டு, வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

தம்பியின் வலது சுண்டுவிரல் அப்படித்தான் வளைந்திருக்கும். சின்ன வயதில் மதில் ஏறிக் குதித்தபோது ஒடிந்து, கோணலாகவே கூடிவிட்ட விரல்.

எதிர்ப்பக்கம் நின்ற பேக்கிங் அக்காவிடம் அதை நீட்டினாள். அக்கா காதடைப்பானைத் தூக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"கோணல்தானே? தட்டுல போடும்மா. கறியப் பாத்துக் கனவு காணாதே."

அவள் தட்டில் போட்டாள். அடுத்து வந்ததும் அப்படியே வளைந்திருந்தது. அதற்கு அடுத்து வந்ததும்.

*

தம்பி கலவைத் தொட்டியில் வேலை பார்த்தான். தலை முழுக்கச் சுருள் முடி, தொப்பிக்குள் அடங்காது, அதனால் எல்லோருக்கும் அவன் சுருட்டை. அவள் கணவன் வெளியூருக்கு லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். ஆகவே தம்பிதான் அவளுக்கும் மகளுக்கும் ஆண் துணையாக அதே வீட்டில் இருந்தான்.

தொட்டிக்கு ஒரு மூடி உண்டு. மூடி திறந்தால் உள்ளே சுற்றும் துடுப்புகள் தானாக நிற்க வேண்டும், அதற்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. ஆனால் அந்தக் கூடத்தில் யாரும் மூடியை மூடி வேலை பார்த்ததில்லை. பதம் பார்க்க வேண்டுமே? கறியை ஒரு பிடி அள்ளி, முஷ்டிக்குள் அமுக்கி, விட்டுப் பார்க்க வேண்டும். விரிசல் விடாமல் நின்றால் பதம். அதற்காக ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தை நிறுத்தினால் வேலை ஆகுமா என்று அந்த ஸ்விட்ச்சைத் துணிக்கிழிசலால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கட்டச் சொன்னவர் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவருக்கு சட்டாம்பிள்ளை என்று பெயர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சட்டம் மறந்துபோகும்.

வீட்டிலும் தம்பி அதே வேலைதான். வாசலில் நுழைந்ததும் அக்கா மகள் குட்டியைப் பிடித்து இழுத்து, அவள் வயிற்றை ஒரு கையால் கொத்தாகப் பிடித்து அமுக்குவான். "பதம் பாக்குறேன், பதம் பாக்குறேன்... அடடா, இன்னும் வேகலியே!" குட்டி உருண்டு உருண்டு சிரிப்பாள். சிரித்து மூச்சு முட்டினால்தான் விடுவான்.

சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாள், பதம் பார்க்கக் கை விட்டவனின் சட்டைக் கையைத் துடுப்பு பிடித்துக்கொண்டது. கை போனது, தோள் போனது, தலை போனது. அவன் கத்தியிருப்பான். எல்லோர் காதிலும் அடைப்பான். இருபதடி தள்ளி பெல்ட்டில் நின்ற அவளுக்குத் தம்பியின் சத்தம் கேட்கவில்லை. பெல்ட்டில் சிவந்து வந்த நட்சத்திரங்களைத்தான் அவள் முதலில் பார்த்தாள். நிறம் சரியில்லையே என்று ஒன்றொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டாள். தட்டு பாதி நிறைந்த பிறகு, ஒரு நட்சத்திரத்தின் நடுவில் ஒரு சுருள் முடி ஒட்டியிருந்தது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் காட்சியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லப்போவதும் இல்லை. தொட்டிக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. அவ்வளவு போதும்.

மூடிய பெட்டியாகத்தான் அவனைக் கொடுத்தார்கள். உள்ளே என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்று கேட்க யாருக்கும் நா எழவில்லை. தொட்டியில் இருந்த கறியை அள்ளிக் கொட்டினார்கள், கொதிநீராவி விட்டுக் கழுவினார்கள், கூடத்தைச் சில நாள் பூட்டி வைத்துப் பிறகு திறந்தார்கள்.

எல்லாம் செய்தார்கள். ஒன்றைத் தவிர.

அந்தக் கூடத்தில் கோணல் துண்டுகளைக் குப்பையில் போடும் வழக்கமில்லை. தட்டை மூடி போட்டுக் குளிர் அறையில் வைத்து, மறுநாள் காலை புதுக் கலவையில் கொட்டுவார்கள். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுவதுபோல. அதனால் அதற்குப் பெயரே உறைத் தட்டு. இன்றைய கோணலில் நேற்றையது கொஞ்சம், நேற்றையதில் முந்தாநாளையது கொஞ்சம். அந்த வரிசை என்றைக்குமே அறுந்ததில்லை.

தம்பி செத்ததைப் பார்த்து அவள் மயங்கி விழுந்த அன்று, அழுதுகொண்டே அந்தத் தட்டை மூடிக் குளிர் அறைக்குள் தள்ளியது பேக்கிங் அக்கா. பழக்க தோஷம். கூடத்தைத் திறந்த அன்று காலை, அழுது வீங்கிய கண்ணோடு வந்து, தினமும் செய்வதுபோல அந்தத் தட்டைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தது யார்?

அவள்தான். கூடப் பிறந்தவள்.

இத்தனை நாளும் அது அவள் புத்தியில் படவே இல்லை. இப்போது, கையுறையில் அந்தச் சூடு இன்னும் மிச்சமிருக்கும்போது, பட்டது.

*

அந்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து விற்பனைப் பிரிவுப் பெண் ஒருத்தி வந்தாள். வேலைக்காரர்களை உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தாள். கம்பெனியில் டீ கொடுத்தால் அதற்கு முன்போ பின்போ ஏதோ ஒன்று இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது.

"ஜனங்க ஏன் இத வாங்குறாங்க தெரியுமா? கடைகடையா நின்னு கேட்டேன்" என்றாள். "ஆபீஸ் விட்டு வர்றாங்க, உயிர் போற அலுப்பு. எண்ணெயில போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருது. எலும்பு இல்ல, ரத்தம் இல்ல, கண்ணு இல்ல, தோல் இல்ல. பிள்ளைங்க 'இது என்ன மிருகம்மா'ன்னு கேக்குறதில்ல. நட்சத்திரம்னு சொன்னா நட்சத்திரம். நாம விக்கிறது கறி இல்ல. இது ஒரு காலத்துல உசுரோட இருந்துச்சுங்கிற ஞாபகம் வராம இருக்கிறதத்தான் நாம விக்கிறோம்."

பேக்கிங் அக்கா டீயைக் கீழே வைத்தாள்.

"ஆனா இப்ப கொஞ்ச நாளா வேற மாதிரி சொல்றாங்க. ஒரு அம்மா வண்டி நிறைய அள்ளிப் போட்டாங்க. ஏம்மான்னு கேட்டேன். வாயில வச்சா தெரிஞ்சவங்க யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு சொன்னாங்க." அவள் சிரித்தாள். "இத அப்படியே விளம்பரத்துல போடலாம்னு இருக்கோம்."

தம்பியைப் பறிகொடுத்தவள் கையிலிருந்த பிஸ்கட்டைத் திருப்பி வைத்தாள். ஊர்க்காரர்களை அவள் நினைக்கவில்லை. வேலை முடிந்து போகும்போது வேலைக்காரர்கள் கோணல் துண்டுகளில் ஒரு பை இலவசமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம். குட்டிக்கு வேறு எதுவும் இறங்காது. சோறு வைத்தால் முகம் திரும்பும். நட்சத்திரம் என்றால் தட்டு காலியாகும். கூடம் திறந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை தின்றுகொண்டே இருக்கிறது. ஊட்டிவிட்டவளும் அவள்தான்.

கூட்டம் கலைந்ததும் சட்டாம்பிள்ளையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். உறைத் தட்டு என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியாம்மா?"

"இல்ல சார்."

"சொல்லாத. வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிருவான். இத்தனை பொம்பளைங்க தெருவுல நிக்கணும். அப்புறம்..." குரலைத் தாழ்த்தினார். "கொட்டுனது நீதானே?"

அந்த இடத்தில் அவருடைய கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படித் தோன்றியது. கை முஷ்டியாக மடங்கியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து பார்த்தபோது உள்ளங்கையில் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

யாரும் உதவ மாட்டார்கள் என்று தெரிந்துபோயிற்று. அந்த வரிசையை அவளே அறுக்க வேண்டும். குட்டியின் வாய்க்கு இனி ஒரு துண்டு போகக் கூடாது.

மறுநாளிலிருந்து வளைந்த துண்டுகளைத் தட்டில் போடாமல் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். மற்றவர்கள் பார்க்கத் தட்டில் துண்டு வேண்டுமே, அதற்கு நல்ல நட்சத்திரங்களையே முனை ஒடித்துப் போட்டாள். கோணல் துண்டு எல்லோரும் எடுத்துப்போவதுதானே, வாசலில் யாரும் கேட்கவில்லை. குப்பையில் போட மனசு வரவில்லை. தெருநாய் இழுத்துக்கொண்டு போனால்? தம்பியல்லவா. கணவன் லாரியோடு வந்ததும், தம்பியைப் புதைத்த இடத்துக்கே கொண்டுபோய், பெட்டிக்குப் பக்கத்தில் குழி தோண்டி மொத்தமாகச் சேர்த்துவிடலாம். அதுவரைக்கும் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் உறையும் மேல் அறை, ஐஸ் தட்டு. பைகளை அடுக்கி, அதன்மேல் ஒரு துவாலையை விரித்து மூடினாள்.

"அம்மா, நட்சத்திரம்" என்றாள் குட்டி.

"இனி நம்ம வீட்ல அது கிடையாது. கெட்டுப்போச்சு."

"ஐஸ்ல இருக்கே, நான் பாத்தேன்."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்!"

அவள் அப்படிக் கத்தியதே இல்லை. குட்டியின் உதடு பிதுங்கியது. அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

*

நாளாக ஆக பெல்ட்டில் வளைந்த துண்டு குறைந்தது, வீட்டில் பை கூடியது. கணுவோடு ஒன்று, காது மடலோடு ஒன்று, புருவம்போல ஒரு மேடு எழுந்த துண்டு ஒன்று. எதையும் உற்றுப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்திருந்தாள். சபதம் எதற்கு இருக்கிறது, மீறுவதற்குத்தானே.

ஒரு சாயங்காலம் சமையலறையில் விளக்குப் போடாமல் நின்றிருந்தாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், ஃபிரிட்ஜ் தன் பாட்டுக்கு முனகிக்கொண்டிருந்து, ஒரு உதறலோடு நின்று, வீடு முழுக்க ஒரு காலி அமைதி பரவியபோது, அந்த அமைதிக்குள்ளே பிளாஸ்டிக் பை நசுங்கும் சத்தம் கேட்டது. நசுங்கியது. விட்டது. மறுபடி நசுங்கியது.

அமுக்கி, விட்டு. அமுக்கி, விட்டு.

ஐஸ் தட்டைத் திறந்தாள். மேலே விரித்த துவாலை சரிந்து கிடந்தது. பைகளின் உள்பக்கம் ஆவி படிந்திருந்தது, குளிர் நாளில் பஸ் ஜன்னலில் படியுமே, அதுபோல. தொட்டுப் பார்த்தாள். சுற்றிலும் பனி. பை மட்டும் வெதுவெதுப்பு.

"தம்பி" என்றாள், தன்னை அறியாமல்.

சத்தம் நின்றது.

அவள் கதவை அறைந்து சாத்தி, சாப்பாட்டு மேசையை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, குட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தாள். பயத்தைவிட அழுகைதான் அதிகமாக வந்தது. தம்பி என்று அவள் கூப்பிட்டால் எப்போதும் அப்படித்தான், செய்துகொண்டிருந்த சேட்டையைச் சட்டென்று நிறுத்திவிட்டு நல்ல பிள்ளையாக நிற்பான்.

*

பெல்ட் சுத்தமானது. வளைந்த துண்டு ஒன்றுகூட வரவில்லை. ஆனால் இப்போது வேறு வம்பு. அச்சிலிருந்து விழுந்த நட்சத்திரங்கள் பெல்ட்டுக்கு வருவதற்குள் உதிர்ந்தன. கலவை கூடவில்லை. கடைகளிலிருந்தும் புகார், பழைய ருசி இல்லையாம், ஏதோ தொலைந்த மாதிரி இருக்கிறதாம்.

ஒரு நாள் சாயங்காலம் சட்டாம்பிள்ளை கூடத்துக்குள் வந்தார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் காதடைப்பானைப் பிடித்து இழுத்தார்.

"உறைத் தட்டுல என்னம்மா மாத்துன?"

"ஒண்ணும் மாத்தல சார்."

"பொய் சொல்லாத! நீ பையில என்ன கொண்டுபோறன்னு எனக்குத் தெரியாதா? எங்க அது? எடுத்துட்டு வா. எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து இதுல கொட்டு!"

தொட்டியைச் சுட்டிக் காட்டியவர், அப்படியே சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அதன் விளிம்புக்குப் போனார். மூடி திறந்திருந்தது. ஸ்விட்ச்சில் துணிக்கிழிசல். தம்பி செத்ததும் அவிழ்த்துவிட்டு, இரண்டு வாரம் போனதும் மறுபடி கட்டியிருந்தார்கள்.

"பாரு, பதம் இருக்கா பாரு!" என்று ஒரு பிடி அள்ளினார்.

அள்ளிய கை மேலே வரவில்லை.

துடுப்பு பிடிக்கவில்லை. துடுப்பு அந்தப் பக்கம் இருந்தது. அவள் கண்ணால் பார்த்தாள். வெளிறிய கறிக்கூழிலிருந்து ஐந்து முனைகள் எழுந்தன. அவர் மணிக்கட்டைச் சுற்றின. மடங்கின. கடைசி முனை வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

சட்டாம்பிள்ளை அவளைப் பார்த்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அது பயமாக மாறக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. முழங்கை போயிற்று. தோள் எலும்பு முறிந்த அதிர்வு அவள் பாதத்தில் ஏறியது. அவள் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அறைந்தாள்.

துடுப்புகள் நின்றுவிட்டன.

சட்டாம்பிள்ளை நிற்கவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தார். மெதுவாக. நின்றுபோன இயந்திரத்துக்குள், இரைச்சல் அடங்கிய கூடத்தில், கழுத்து ஒரு விறகுபோல ஒடியும் சத்தத்தைக் காதடைப்பானையும் மீறி எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஈரமான சத்தம் மட்டும். அமுக்கி, விட்டு. அமுக்கி, விட்டு. கால் செருப்பு ஒன்று கழன்று தரையில் விழுந்தது.

எல்லோரும் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். அவளும் ஓடினாள். வாசலில் திரும்பிப் பார்த்தபோது பேக்கிங் அக்கா மட்டும் நின்றிருந்தாள். தேம்பித் தேம்பி அழுதபடி, கண் எங்கோ பார்க்க, கை மட்டும் பழக்கத்தில் உறைத் தட்டை மூடி, குளிர் அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

*

தெருவில் இருட்டத் தொடங்கியிருந்தது. விளக்குக் கம்பங்கள் எரியவில்லை. கடைகளில் மெழுகுவத்தி.

"காலையில போன கரண்ட்டுங்க" என்றான் மூலைக் கடைக்காரன் யாரிடமோ. "டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருச்சாம். ஐஸ்ல வச்சதெல்லாம் தண்ணி."

அவள் கால் அங்கேயே ஒரு கணம் நின்றது. கம்பெனிக்கு ஜெனரேட்டர் உண்டு. வீட்டுக்கு இல்லை.

ஐஸ் தட்டு. குட்டி பள்ளி விட்டு வந்திருப்பாள். சாவி அவளிடமும் ஒன்று உண்டு.

ஓடினாள். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். மாடிப்படியில் இருட்டு. கைப்பிடிச் சுவர் கையைச் சிராய்த்தது. வீட்டு வாசலில் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கதவைத் தள்ளும் முன்பே வாடை வந்தது. உருகிய கறி. அதற்கு அடியில், தம்பி போட்டுக் குளிக்கும் மலிவுச் சோப்பு.

உள்ளே குட்டி பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கோ பதில் சொல்வதுபோல.

"இது இங்க இல்ல மாமா. திருப்பி வை... ஆங், அப்படித்தான்."

"குட்டி?"

"அம்மா, சமையல் ரூமுக்கு வா! விளக்கு வேணாம், கண்ணு கூசுதாம்."

முட்டுக் கொடுத்த மேசை ஓரமாக நகர்ந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவு திறந்திருந்தது. தரையெல்லாம் தண்ணீர், காலியான பைகள். ஜன்னலில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் முதலில் பிள்ளையைத்தான் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரைக்கும் கறி. முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து அது உட்கார்ந்திருந்தது.

துண்டு துண்டாக ஒட்டியிருந்தது. நட்சத்திரத்தோடு நட்சத்திரம், முனைக்குள் முனை. வலது தோள். தோளிலிருந்து முழு நீளத்துக்கு ஒரு கை. பாதி முகம். புருவ மேடு, காது மடல். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை. பெரிய பள்ளம். அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"பாதி நான் ஒட்டினேம்மா" என்றாள் குட்டி. "மீதி மாமாவே ஒட்டிக்கிட்டாரு."

"குட்டி. எழுந்து இங்க வா."

"இரும்மா. இன்னும் முடியல. வயித்துக்குத் துண்டு பத்தல. தேடித் தேடிப் பாத்தோம், எங்கயும் இல்ல."

"வாடி இங்க!"

"அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு." குட்டி சட்டையைத் தூக்கிக் காட்டினாள். "நான்தானே சாப்பிட்டேன்!"

பின்னாலிருந்து கை நீண்டது. மெதுவாக வந்து, பிள்ளையின் வெறும் வயிற்றின்மேல் விரிந்து உட்கார்ந்தது. ஐந்து விரல். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அவள் பாய்ந்தாள். ஈரத்தில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தாள். "தம்பி!" என்று கத்தினாள். "தம்பி, வேணாம்டா!"

இந்தத் தடவை அது நிற்கவில்லை.

விரல்கள் வயிற்றைக் கொத்தாகப் பிடித்தன. அமுக்கின. விட்டன. குட்டி உடம்பை நெளித்துக் கலகலவென்று சிரித்தாள்.

"பதம் பாக்குறாரும்மா!"

மறுபடி அமுக்கின. இன்னும் ஆழமாக. குட்டி சிரித்தாள். சிரித்து, மூச்சு முட்டி, "போதும் மாமா" என்றாள்.

கை விடவில்லை.